ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பேருந்து: நான்சி நகரத்தின் கதை

[திரையில்: பிரான்ஸ் வரைபடம், வடகிழக்கில் நான்சி]

1990களில் நான்சி நகரம் டிராம் விட நினைத்தது. தடை ஒரு மேடு. மருத்துவமனை இருக்கும் பிராபுவாவுக்கு ஏறும் சாலையின் சரிவு சுமார் 13 சதவீதம். சாதாரண டிராமின் இரும்புச் சக்கரத்துக்கு அந்த ஏற்றத்தில் பிடிமானம் போதாது. ஆனால் நகரத்தில் ஏற்கெனவே டிராலிபஸ், அதாவது மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பேருந்து, ஓடியது. மின்கம்பிகள் தயாராக இருந்தன.

அப்போதுதான் பாம்பார்டியர் நிறுவனத்தின் வண்டி வந்தது.

[திரையில்: வண்டியின் அடிப்பகுதி, அசைவுப்படம்]

நன்றாகப் பாருங்கள். மூன்று பெட்டிகள், சுமார் 24 மீட்டர் நீளம், எல்லாம் ரப்பர் டயர். சாலை நடுவே ஒரே ஒரு தண்டவாளம். வண்டிக்கு அடியில் இருக்கும் உருளைகள் அதைப் பற்றிக்கொண்டு சக்கரங்களைத் திருப்பும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். தண்டவாளம் முடியும் இடத்தில் உருளைகளைத் தூக்கிவிட்டால், அப்புறம் அது வெறும் டிராலிபஸ். அந்த மேட்டுக்கு இது நியாயமான யோசனை என்றே நான் நினைக்கிறேன்.

2000 டிசம்பரில் திறப்பு விழா. 2001 மார்ச்சில் அடுத்தடுத்து விபத்துகள். சுமார் ஓராண்டு வண்டியே ஓடவில்லை.

[திரையில்: சாலையின் குறுக்குவெட்டுப் படம்]

கோளாறு அமைப்பிலேயே இருந்தது. டிராமில் வண்டியின் முழு எடையும் தண்டவாளத்தை அழுத்தும், அதனால் சக்கரம் எளிதில் விலகாது. இங்கே எடையைச் சுமப்பது டயர். உருளை லேசாகத்தான் உட்கார்ந்திருக்கும், தடம் விலக வாய்ப்பு அதிகம். இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதர் ஓட்டும் பேருந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப் போகும். இதுவோ ஒரே கோட்டில் போனது. டயர் பட்ட இடமே திரும்பத் திரும்பத் தேய்ந்து, சாலையில் பள்ளம் விழுந்தது.

சரி, வேறு நிறுவனத்தின் வண்டியை வாங்கியிருக்கலாமே? முடியாது. அந்தத் தண்டவாளத்தில் வேறு எந்த வண்டியும் ஓடாது. இதை வாங்கிய இன்னொரு நகரம் பிரான்சின் கான் (Caen) மட்டும்தான். 2002இல் தொடங்கி 2017 முடிவில் அதுவும் நிறுத்திவிட்டு, 2019இல் சாதாரண டிராமுக்கு மாறியது. உற்பத்தி நின்ற பிறகு, பழைய வண்டிகளை எப்படியாவது ஓட்டிக்கொண்டிருப்பதைத் தவிர நான்சிக்கு வழியில்லை. ஒரு நகரத்தின் முக்கியப் பாதையை ஒரே உற்பத்தியாளரின் கையில் கொடுத்ததுதான் பெரிய தவறு. அதன் சுமை தினமும் பயணித்த மக்கள் தலையில் விழுந்தது.

2023 மார்ச்சில் கடைசி வண்டி ஓடியது. 2025இல் அதே பாதைக்கு நீளமான புதிய டிராலிபஸ்கள் வந்தன. அவற்றில் பேட்டரி இருக்கிறது, அதனால் பாதை முழுக்கக் கம்பி தேவையில்லை. பிராபுவா மேட்டை இப்போது அவைதான் ஏறுகின்றன, ஸ்டியரிங் ஓட்டுநர் கையில்.