கணவாய் நரம்பும் கைனசினும்

நேயர்களுக்கு வணக்கம். உட்கார்ந்த இடத்திலேயே கால் விரல்களை ஒருமுறை விரித்து மடக்குங்கள். பாதத்துத் தசைக்கு அந்தக் கட்டளையைக் கொண்டுவந்த நரம்பு செல்லின் உடல் உங்கள் முதுகுத்தண்டுக்குள் இருக்கிறது. அதன் வால், ஆக்ஸான் என்போமே, அது மட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர். நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி மேலேதான் தயாராகிறது. தானாக மிதந்து வரட்டும் என்று விட்டால் நம் ஆயுள் போதாது. தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். தூக்கி வருவதும் ஒரு புரதம்தான்.

அதைக் கண்டுபிடித்த கதை எனக்கு அலுப்பதே இல்லை. 1983, கலிஃபோர்னியா. ஸ்டான்ஃபோர்டில் மாணவராக இருந்த ரான் வேலும், ஆய்வாளர் மைக்கேல் ஷீட்ஸும் ஊசிக்கணவாய் தேடினார்கள். ஏன் கணவாய்? அதன் பெரிய ஆக்ஸான் ஒரு மில்லிமீட்டர் பருமன் வரை இருக்கும், வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த ஆண்டு பார்த்து எல் நினோ, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகிவிட்டது! மான்ட்ரே விரிகுடாவில் கணவாய் சிக்கவில்லை. விட்டார்களா? நாட்டின் மறுகரைக்கே போனார்கள், வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்கு. அங்கே ஆய்வாளர்கள் தாமஸ் ரீஸும் புரூஸ் ஷ்னாப்பும் சேர்ந்துகொண்டார்கள்.

சுமை தூக்கும் மோட்டாராக அவர்கள் எதிர்பார்த்தது, தசையை இயக்கும் மயோசின் என்ற புரதத்தை. ஆக்ஸானின் உள்சாற்றைப் பிழிந்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், உள்ளே இருந்த துகள்கள் ஓடிக்கொண்டே இருந்தன. செல்லின் உறை போய்விட்டது, ஓட்டம் நிற்கவில்லை. எரிபொருளான ஏடிபி இருந்தால் போதும். ஓடிய பாதையோ மயோசினுக்குரிய ஆக்டின் இழை இல்லை, செல்லுக்குள் தண்டவாளம் போல நீளும் நுண்குழல். 1985இல் அந்த மோட்டாரைப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை யாரும் அறியாத புரதம் அது: கைனசின்.

அதற்கு இரண்டு கால்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குழலைப் பற்றியிருக்க, பின்னால் இருப்பது முன்னே வரும். ஒரு ஏடிபிக்கு ஓர் அடி, ஓர் அடிக்கு 8 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனைக் கடக்கவே ஏறக்குறைய 10,000 அடி வேண்டும். வினாடிக்கு நூறு அடி அளவில் வைக்கிறது! மறுபடியும் சொல்கிறேன், மிதந்து போகவில்லை, சுமையோடு அடி வைத்துப் போகிறது.

திரும்பி வரும் வழியைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். கீழிருந்து மேலே ஏற்றுவது டைனீன் என்ற வேறொரு மோட்டார். நாய் கடித்த இடத்திலிருந்து ரேபிஸ் வைரஸ் மூளையை நோக்கி ஏறுவதும் இதன் உதவியால்தான். மூளையை எட்ட அதற்கு நாளாகும், அந்த அவகாசத்தில்தான் தடுப்பூசி நம்மைக் காப்பாற்றுகிறது. கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நன்றி, வணக்கம்.