நாலே முக்காலுக்குப் பூட்டுகிற கதவு

(அரசு கலைக் கல்லூரி ஒன்றின் முதலாம் ஆண்டு வரவேற்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, இந்த அரங்குக்குப் பன்னிரண்டு மின்விசிறிகள் வாங்கித் தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே (மேலே பாருங்கள், பன்னிரண்டும் சுற்றுகின்றன, இது சாதாரண விஷயமில்லை), நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நான் பேச நினைத்ததில் பாதியை வாழ்த்துரையிலேயே பேசி முடித்துவிட்ட முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் அவர்களே, அப்புறம், காலை எட்டு மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இப்போது பசியோடு உட்கார்ந்திருக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சால்வை போட்டீர்கள், நன்றி. சால்வைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று இருபது வருஷமாகக் கேட்டு வருகிறேன். என் வீட்டு பீரோவில் இப்போது சட்டை வைக்க இடமில்லை.

முதலாண்டை எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொன்னார்கள். நான்கு விஷயம் சொல்கிறேன். ஆங்கிலம், சீனியர்கள், பணம், அரியர்.

எங்கள் ஊர் கொள்ளிடக் கரை. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று என் பாட்டி ஓயாமல் சொல்வார். காலை விடாமல் ஆழம் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏண்டா, கரையில துணி துவைக்கிறவங்ககிட்ட கேக்க உனக்கு வாய் இல்லையா?" என்றார். கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஆங்கிலத்துக்கு வருகிறேன். 1980-இல் தமிழ்நாட்டில் முதல் பிளஸ் டூ செட் எழுதி வெளியே வந்தது. அதில் நானும் ஒருவன். தமிழ் வழியில் படித்தவன், பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்தேன். ஆசிரியர் ஆங்கிலத்தில் கடகடவென்று நடத்துவார். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். ஒரு வாரம் முழுக்க அவர் "எலாஸ்டிசிட்டி, எலாஸ்டிசிட்டி" என்றார். மெட்ராஸ் சிட்டி தெரியும், இது எந்த சிட்டி? பக்கத்தில் இருந்தவனைக் கேட்டேன். "அமெரிக்காவா இருக்கும்டா" என்றான். அவனும் என் ஊர்தான்.

நூலகத்துக்குப் போனேன். அங்கே அட்லஸ் மட்டும் பூட்டில்லாத மேஜையில் கிடந்தது. அமெரிக்காவில் தேடினேன். இல்லை. ஆப்பிரிக்காவிலும் பார்த்துவிட்டேன். நூலகர் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து, "என்ன தம்பி தேடுற?" என்றார். சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன். "உப்பு விலை ஏறினா உங்க அம்மா குழம்புல உப்பைக் குறைப்பாங்களா?" என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். "மல்லிப்பூ விலை ஏறினா?" வாங்கவே மாட்டார்கள் என்றேன். "அதுதான் தம்பி உன் சிட்டி" என்று சொல்லி, பீரோவைத் திறந்து தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் போட்ட ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அதில் "தேவை நெகிழ்ச்சி" என்று தமிழில் போட்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்குக் கல்லூரி திறந்தது. பின்னாளில் நானும் நூலகர் ஆனேன், முப்பது வருஷம்.

சீனியர்கள் விஷயம். கரையில் நிற்பவர்களில் ஆழம் சொல்பவரும் உண்டு, பிடித்துத் தள்ளிவிடுபவரும் உண்டு. மருத்துவ மாணவர் ஒருவர் 1996-இல் கொலையான பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் பற்றிப் புகார் சொல்ல 1800-180-5522, குறித்துக்கொள்ளுங்கள். இதை முதல்வர் ஐயா இன்னும் விரிவாகச் சொல்வார்.

சற்று முன் நூலகம் என்றேனே, அதைச் சொன்னால் சீர்காழிக்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். ஆள் அரவமில்லாத அந்த இடத்தில் ஒரு வாரம்கூட அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய வேலையையே கொடுங்கள் என்று ஓடி வந்தார். முதலில் லண்டன் போய் நூலகத் துறையைப் படித்துவிட்டு வா, திரும்பி வந்தும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு வேலை உனக்குத்தான் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். போனவர் வந்து இருபது வருஷம் அங்கேயே இருந்தார்! இந்திய நூலகத் துறையின் தந்தைக்கே முதல் வாரம் அப்படி என்றால், உங்களுக்கு ஒரு மாதம் அழுகை வந்தால் என்ன?

நூலகங்களுக்கென்று அவர் 1931-இல் எழுதிய முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கே. அலமாரிகளைத் திறந்துவிட்டு, உள்ளே போய் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றவர் அவர். சரி, இங்கே? காலையில் ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். பீரோக்கள் பூட்டியிருக்கின்றன. வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். முதலாண்டுப் பிள்ளைக்குத் தனக்கு என்ன புத்தகம் வேண்டும் என்பதே தெரியாதே! சிட்டியைத் தேடிப் போன நான் சீட்டில் என்ன எழுதியிருப்பேன்?

கடைசி வகுப்பு முடிவது நாலரைக்கு. நூலகம் பூட்டுவது நாலே முக்காலுக்கு. கிராமத்துப் பஸ் ஆறு பத்துக்கு. நடுவில் இருக்கும் நேரத்தை இந்தப் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் போனைப் பார்த்துக் கழிக்கிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம், ஆழம் சொல்லும் இடத்தையோ பூட்டி வைக்கிறோம். நூலகரைக் குற்றம் சொல்லவில்லை. ஒற்றை ஆள் அவர், அந்த நாற்காலியின் கஷ்டம் எனக்குத் தெரியும். மாலையில் ஆறு மணி வரை உட்கார ஓர் உதவியாளர் போதும். பன்னிரண்டு மின்விசிறி தந்த கை அந்தச் சம்பளத்தையும் தரும் என்று நம்புகிறேன். இதோ, கழகத் தலைவர் தலையாட்டுகிறார். முந்நூறு பேர் சாட்சி.

பணமும் அரியரும் பாக்கி என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். மணி ஒன்றே கால். சாப்பாட்டு மணி அடித்தால் நீங்கள் இருக்கப்போவதில்லை, உங்கள் வயதில் நானும் உட்கார்ந்திருந்ததில்லை. நூலகத்தை ஆறு மணி வரை திறக்கக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி வந்திருக்கிறேன். கையெழுத்துப் போட ஒரு நோட்டு வாசலில் வலது கைப் பக்கம் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.