ஆடு மேய்க்கும் வாத்தியார்

அவைத்தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கிடையே வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, என்னிடம் அடி வாங்கிப் படித்து இன்று எனக்கே சால்வை போர்த்திய தம்பிகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் வயதைக் கருதிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு என்ன துணை வேண்டும் என்பது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: பணிச்சுமை, பயிற்சி, பெற்றோர்.

ஆடு மேய்த்தது போலவும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்தது போலவும் ஆயிற்று என்பார்கள். இந்தப் பழமொழியை நம்பித்தான் நாம் பள்ளிகளை நடத்துகிறோம்.

ஈராசிரியர் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். உடன் பணியாற்றிய டீச்சர் அன்று பயிற்சிக்குப் போய்விட்டார். ஐந்து வகுப்புக்கும் நான் ஒருவன். பதினோரு மணிக்குள் ஏதோ ஒரு விவரத்தைப் பதிவேற்ற வேண்டும் என்று தகவல் வந்தது. பள்ளிக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால் இரண்டு கோடு வரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். கைபேசியைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுகிறேன். கீழே பள்ளிக்கூடமே கூடிவிட்டது. "நானும் ஏறட்டுமா சார்?" என்கிறான் ஒருவன். அந்த வழியே ஆடு ஓட்டிப் போன ஒரு பாட்டி, நிஜமாகவே ஆடுதான், நின்று பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரையா, காக்கை பிடிக்கிறீர்களா?" என்று கேட்டார். "ஆமாம் ஆத்தா, மேலிடத்துக் காக்கை" என்றேன். விவரம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். அன்று கழித்தல் கணக்கு நடக்கவில்லை. ஆடும் மேயவில்லை, அண்ணனுக்குப் பெண்ணும் கிடைக்கவில்லை.

கதைதானே என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆய்வு சொல்கிறேன். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் நம் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பாதி மையங்களுக்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க மட்டும் ஒரு பகுதிநேரப் பணியாளர் போனார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாயிற்று. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்குப் பதிவேட்டையும் ஊட்டச்சத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. ஆட்டுக்கு ஓர் ஆள், பெண் பார்க்க ஓர் ஆள். அவ்வளவுதான்!

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. 2009-இல் சட்டம் எழுதியவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வரவில்லை போலும். ஆகவே நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்கு ஓர் எழுத்தராவது வேண்டும். பத்து ஆண்டுகளாக இதைத்தான் கேட்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலர் சிரிக்கிறார், அவருக்கும் தெரியும்.

தலைவர் மணி அடித்துவிட்டார். பயிற்சியும் பெற்றோரும் அடுத்த கூட்டத்துக்கு. தேநீர் மேசைக்குப் பக்கத்தில் மனு இருக்கிறது. கையெழுத்துக்குக் கீழே ஊர்ப்பெயரையும் எழுதுங்கள், போன தடவை பாதிப் பேர் எழுதவில்லை. பேனா என்னுடையது.