மேலேயும் காற்று உண்டு

நேயர்களுக்கு வணக்கம். தாழ்வான பாதையில் சுற்றும் சிறிய செயற்கைக்கோள்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் நீரோடி. தமிழ்நாட்டின் மேற்குக் கரை அங்கே முடிகிறது, தாண்டினால் பொழியூர், கேரளம். 1963 நவம்பர் 21. அப்பாவுக்கு அப்போது பதினான்கு வயது. தாத்தாவோடு கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாராம். கீழே இருட்டத் தொடங்கிவிட்டது. திடீரென்று வடமேற்கே, உச்சி வானத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ கோயில் மணியடிக்க ஓடினார்களாம். தாத்தா மட்டும் அசையாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கோடு நெளிய ஆரம்பித்தது. அடிப்பகுதி ஒரு பக்கம் போகிறது, மேல்பகுதி இன்னொரு பக்கம் போகிறது, நடுவில் முறுக்கு விழுகிறது. தாத்தா சொன்னாராம்: "லேய் மக்கா, அங்கனயும் காத்து உண்டுலே."

அன்று திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து கிளம்பியது இந்திய மண்ணிலிருந்து போன முதல் ஆராய்ச்சி ராக்கெட். சோடியம் ஆவியை விட்டுக்கொண்டே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உயரம் வரை ஏறியது. கீழே இருட்டினாலும் மேலே வெயில் இருந்ததால் அந்த ஆவி ஒளிர்ந்தது. அது நெளிவதைப் பார்த்து மேல்காற்றைக் கணக்கிடுவதுதான் சோதனையின் நோக்கம். பள்ளிக்கூடம் போகாத தாத்தா, விஞ்ஞானிகள் பார்க்க நினைத்ததைக் கரையில் நின்றே பார்த்துவிட்டார். இந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விண்வெளி என்றால் வெற்றிடம் என்று படித்திருக்கிறோம். 600, 700 கிலோமீட்டரில் அப்படி நினைத்துக்கொண்டு வேலை செய்துவிடலாம். 200, 250 கிலோமீட்டரில் முடியாது. அங்கே காற்று மிக மிக மெல்லியது, உண்மைதான். ஆனால் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழே முக்கால் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பைக்கில் வேகமாகப் போகும்போது முகத்தில் தூறல் விழுந்தால் எப்படிக் குத்தும்? துளி சின்னதுதான், வேகம்தான் குத்துகிறது. 1981-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன 38 கிலோ ரோகிணி செயற்கைக்கோள், நினைத்ததைவிடத் தாழ்வான பாதையில் விழுந்துவிட்டது. பூமிக்கு அருகில் வரும் இடத்தில் சுமார் 186 கிலோமீட்டர். ஒன்பதே நாளில் எரிந்துபோனது. மேலேயும் காற்று உண்டு.

பிறகு ஏன் அங்கே போக வேண்டும்? பக்கத்தில் போனால் படம் நன்றாக வரும், அவ்வளவுதான். தேரை நான்கு வீடு தள்ளி நின்று போனில் எடுப்பதற்கும் வடத்தின் பக்கத்தில் நின்று எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். தூரம் பாதியானால் அதே படத்துக்குப் பாதி அகல லென்ஸ் போதும். இன்னொன்று, வேலை முடிந்த செயற்கைக்கோள் அங்கே குப்பையாக நிற்காது, காற்றே கீழே இழுத்துவிடும்.

கல்லூரி மாணவர்கள் என்னிடம் மாதிரி கொண்டுவருவார்கள். பத்து சென்டிமீட்டர் பெட்டி, இரண்டு பக்கமும் சோலார் பலகை விரித்தபடி. அழகாக இருக்கும். நான் கேட்கும் முதல் கேள்வி, "காற்று எந்தப் பக்கம் வருது?" பலகை காற்றை மறித்து நின்றால் அது பிரேக். கத்தி விளிம்பு போல நிற்க வேண்டும்.

"அப்போ வள்ளம் மாதிரி மூக்கைக் கூராக்கிடலாம்" என்பார்கள். கடற்கரைப் பிள்ளைகள் அல்லவா! இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வள்ளத்தின் முன்னால் தண்ணீர் ஒன்றையொன்று தள்ளி விலகிப் போகும். மேலே ஒவ்வொரு காற்றுத் துகளும் தனித்தனியாக வந்து மோதுகிறது. கேரம் காய் சட்டத்தில் பட்டுத் தெறிப்பது போலச் சாய்வாகத் தெறித்தால் நமக்கு லாபம். ஈர மணலில் விழுந்த பந்து போல ஒட்டி, அப்புறம் கண்ட திசையில் கிளம்பினால் நஷ்டம், கூர்மூக்கால் பெரிய பலன் இல்லை. அதனால் வடிவத்தோடு தோலும் முக்கியம். எந்தப் பொருளில் துகள் எப்படித் தெறிக்கிறது என்று பார்க்கவே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் ஒரு சிறிய செயற்கைக்கோளை அனுப்பினார்கள்.

தோல் என்றேன். அந்த உயரத்தில் பெரும்பாலும் இருப்பது ஒற்றை ஆக்சிஜன் அணு. வெயில் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாக உடைத்துவிடுகிறது. ஒற்றை அணு சும்மா இருக்காது, பட்டதைத் தின்னும். எங்கள் ஊரில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியை இரண்டு மழைக்குள் பொரிப்பொரியாக்கிவிடும், பார்த்திருப்பீர்கள். கோளின் மேல் போர்த்தும் பொன்னிறப் பிளாஸ்டிக் தாளை இந்த அணு அப்படித்தான் அரிக்கிறது. பளபளப்பாகப் போன தாள், உப்புத்தாள் தேய்த்தது போல மங்கிவிடும். மேலே மெல்லிய சிலிக்கா பூச்சு கொடுத்தால் தாங்கும். வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் யாராவது கடலில் இறக்குவார்களா?

அந்தக் காற்றும் ஒரே மாதிரி இருக்காது. 2022 பிப்ரவரியில் சூரியப் புயல் வந்து மேல்காற்று சூடாகி உப்பியது. அப்போதுதான் 210 கிலோமீட்டரில் விடப்பட்டிருந்த 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களைக் காகிதம் போல விளிம்பைக் காட்டித் திருப்பிப் பார்த்தார்கள். அப்படியும் 38 போய்விட்டன.

எதிர்த்து நிற்க எஞ்சின் வேண்டும். ஐரோப்பாவின் கோசே செயற்கைக்கோள், 2009-இல் போனது, எஞ்சினுக்கு 40 கிலோ செனான் வாயுவை வைத்துக்கொண்டு 250 கிலோமீட்டர் பக்கத்தில் நான்கு ஆண்டுக்கு மேல் ஓடியது. செனான் தீர்ந்தது, விழுந்தது. ஜப்பானின் சுபாமே, நம் தகைவிலான் குருவியின் பெயர், 2019-இல் 167.4 கிலோமீட்டர் வரை இறங்கிப் பறந்தது...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். பாதி நேரம் பேச நினைத்தது இதைத்தான். எதிரே வரும் காற்றையே வாயால் பிடித்து, மின்னேற்றி, பின்னால் தள்ளும் எஞ்சின். 2018-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தரைச் சோதனைக் கூடத்தில் இயக்கிக் காட்டியது. வாயை அகலமாக வைத்தால் காற்று நிறைய கிடைக்கும், எதிர்ப்பும் கூடவே ஏறும். எங்கள் பிள்ளைகள் இப்போது அந்த வாயின் அளவோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வணக்கம்.