ஓரமாகப் போகச் சொல்கிறீர்கள், ஓரம் எங்கே?

(சென்னையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சைக்கிள்காரருக்கும் கார்காரருக்கும் சண்டை என்றால் உங்கள் மனதில் முதலில் வரும் ஆள் யார் என்று எனக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, உடம்போடு ஒட்டிய பனியனில் குனிந்து ஓட்டிப் போகிறாரே, அவர்தான். அவரைக் கார் உரசினால் சும்மா விடமாட்டார். துரத்திப் போய்க் கண்ணாடியைத் தட்டி, "கண்ணு தெரியலையா?" என்று கேட்பார். அவர் சைக்கிளின் விலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். அதனால் கார்காரரும் இறங்கி வந்து சமமாக நின்று பேசுவார். கைபேசியில் படம் எடுப்பார்கள், ஊர் முழுக்கத் தெரியும்.

ஆனால் இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுபவர்களில் பெரும்பாலானவர்கள் அவர் இல்லை. பின்னால் டீ கேனைக் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போகிறவர், இரவுக் காவல் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர், பேப்பர் போடும் பையன், சைக்கிள் பாரில் கரண்டியையும் மட்டப்பலகையையும் செருகிய கொத்தனார் இவர்கள்தான். பின்னால் ஹாரன் அடித்தால் இவர்கள் சண்டைக்குப் போவதில்லை. இறங்கி, மண்ணில் காலூன்றி, வண்டியை விட்டுவிட்டு மறுபடி ஏறிப் போகிறார்கள். நாம் பேசும் தகராறில் இந்தத் தரப்பின் குரலே கிடையாது. அதனால்தான் அவர்கள் போகும் வழியைப் பற்றி முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

"ஓரமா போ" என்பதைச் சைக்கிள்காரர் தினமும் கேட்கிறார். வாயால் சில தடவை, ஹாரனால் பல தடவை. சரி, அந்த ஓரத்தில் என்னதான் இருக்கிறது என்று இறங்கிப் பார்த்துவிடுவோம்.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. தார் முடிகிற இடத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு. அதிலிருந்து டயர் இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவது கஷ்டம். சாய்வாக ஏற்றினால் டயர் விளிம்போடு உராய்ந்து வழுக்கும். ஆள் விழுவது மண் பக்கம் அல்ல, சாலைப் பக்கம். அடுத்து வடிகால் மூடி. அதன் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் ஒல்லி டயர் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் கேபிளுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், நிறுத்தி வைத்த கார்கள், இளநீர் வண்டி, ஆள் ஏற்ற நிற்கும் ஷேர் ஆட்டோ, இவ்வளவுக்கும் நடுவே எதிர்த்திசையில் நம்மைப் பார்த்தே வரும் ஸ்கூட்டர். சாலையின் நடுப்பகுதியை மேடாகவும் ஓரத்தைச் சரிவாகவும் அமைப்பதால் மழைத் தண்ணீர் தேங்குவதும் இங்கேதான். தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். முன்னால் ஒரு சைக்கிள் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. சட்டென்று வலது பக்கம் இரண்டடி வருகிறது. "திடீர்னு குறுக்கே வந்துட்டான் சார்" என்று சொல்வீர்கள். உங்கள் கண்ணுக்கு அது திடீர்தான். அவரோ அந்த வடிகால் மூடியைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தவர். உங்கள் பானெட்டுக்கு முன்னால் இருக்கும் அந்த மூடி உங்களுக்குத் தெரியாது. உங்கள் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. இருவர் சொல்வதும் உண்மைதான்.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சாதாரணக் காரின் அகலம், பக்கவாட்டுக் கண்ணாடிகளைச் சேர்க்காமல், சுமார் 1.7 மீட்டர். சைக்கிளின் ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டர். ஒரு தடத்துக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 70 சென்டிமீட்டர். சைக்கிளுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி, மிதிக்கும்போது வரும் ஆட்டம், காருக்கும் சைக்கிளுக்கும் நடுவே விட வேண்டிய தூரம் எல்லாம் அந்த 70க்குள் அடங்க வேண்டும். 2022 ஜனவரியில் திருத்திய பிரிட்டனின் சாலை விதிக் கையேடு, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் விடச் சொல்கிறது. நம் தடத்தில் அது நடக்காது. காரோட்டி பக்கத்துத் தடத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பின்னாலேயே காத்திருக்க வேண்டும். பக்கத்துத் தடத்தில் பஸ். காத்திருந்தால் பின்னால் ஐந்து பேர் ஹாரன் அடிக்கிறார்கள், நீங்கள் ஏன் மெதுவாகப் போகிறீர்கள் என்றே அவர்களுக்குத் தெரியாது. இந்த நிலையில் சாதுவான மனிதருக்கும் கோபம் வரும். வரத்தான் செய்கிறது.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடி யோசிப்பதற்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடியிருக்கும். 30ல் போனால் 8 மீட்டர்தான். அது பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னால். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும், இது பள்ளிக்கூடப் பாடம். வேடிக்கை என்னவென்றால், அண்ணா சாலையில் மாலை நேரத்தில் யாரும் 30ஐத் தாண்டிச் சராசரி எடுத்துவிட முடியாது. ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரைக்கும் சீறிப் போய் நிற்கிறோம். நிதானமாக மிதித்து வருகிறவரும் அதே சிவப்பு விளக்குக்கு வந்து பக்கத்தில் நிற்கிறார். ஆபத்து அந்தச் சீறலில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் காலிச் சாலையிலும் இருக்கிறது.

பஸ் ஓட்டுநரை நாம் திட்டுகிற அளவுக்குப் புரிந்துகொள்வதில்லை. அவர் நிறுத்தத்துக்கு நிறுத்தம் இடது பக்கம் ஒதுங்கியாக வேண்டும். சைக்கிள்காரருக்கும் அதே இடதுதான். பஸ் சைக்கிளைத் தாண்டும், நிறுத்தத்தில் நிற்கும். நிற்கிற பஸ்ஸைச் சைக்கிள் தாண்டும். மறுபடி பஸ் வரும். ஒரே பயணத்தில் இருவரும் பல தடவை சந்தித்துக்கொள்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் எரிச்சலோடு. பஸ்ஸின் முன்பக்க இடது மூலைக்குக் கீழே இருப்பது ஓட்டுநர் கண்ணாடியில் படாது. தண்ணீர் லாரியில் இன்னும் மோசம். சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்வேன்: சிக்னலில் நிற்கும் பஸ்ஸுக்கோ லாரிக்கோ இடது பக்கச் சந்தில் நுழையாதீர்கள். அது இடது திரும்பினால், பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் வராது, உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். பின்னாலேயே நில்லுங்கள். அரை நிமிடம்தான்.

காரோட்டிகளின் புகார்களும் பொய் இல்லை. சைக்கிளில் விளக்கு இல்லை, சிக்னலில் நிற்பதில்லை, எதிர்த்திசையில் வருகிறார்கள். விளக்கு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். டைனமோ இல்லாமல் மாட்டினால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். டபுள்ஸ் போனாலும் அதே கதிதான். இன்று யாரும் கேட்பதில்லை. கறுப்புச் சட்டையோடு, பிரதிபலிப்பான் கூட இல்லாமல் இரவில் போவது தன் உயிரை மற்றவர் பிரேக்கிடம் ஒப்படைப்பது.

எதிர்த்திசை விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வி. சாலை நடுவே இருந்த திறப்புகளையெல்லாம் தடுப்பு வைத்து அடைத்து, அரை கிலோமீட்டர் தள்ளி யு-டர்ன் கொடுத்திருக்கிறோம். எஞ்சினுக்கு அது ஒரு நிமிட வேலை. கேஸ் சிலிண்டரைக் கட்டி மிதிப்பவருக்குப் போக அரை, வர அரை. அவர் செய்வதை நான் சரி என்று சொல்லவில்லை. அந்த யு-டர்னை வரைந்தவர் மனதில் கால் என்ற ஒன்று இருந்ததா என்றுதான் கேட்கிறேன்.

"நாங்க ரோட் டேக்ஸ் கட்டுறோம்" என்று ஒரு வாதம் உண்டு. வாகன வரி போவது மாநில அரசின் கஜானாவுக்கு. உங்கள் தெருச் சாலையை மாநகராட்சி போடுவது சொத்து வரி, அரசு மானியம் என்று பல வழியில் வரும் பொதுப் பணத்தில். டீக்கடைக்காரர் வாடகைக்குள் சொத்து வரியும் இருக்கிறது. ஒரு காலத்தில் சைக்கிளுக்கே நகராட்சி வரி இருந்தது, கட்டியவர்களுக்கு வில்லை கொடுப்பார்கள். இன்னும் பின்னால் போனால் இங்கிலாந்தில் 1886லேயே நல்ல சாலை கேட்டுச் சங்கம் கட்டியவர்கள் சைக்கிள்காரர்கள்தான். அமெரிக்காவிலும் அப்படித்தான். அப்போது கார் ஓட்டவே ஆள் கிடையாது.

சைக்கிளைச் சாலையை விட்டே எடுத்துவிடலாமே என்று நினைப்பவர்களுக்குக் கொல்கத்தா இருக்கிறது. 2008ல் அங்கே போலீஸ் சில முக்கியச் சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது. 2013ல் அது 174 சாலைகளாக நீண்டது. போக்குவரத்து மெதுவாகிறது என்பது காரணம். யார் மாட்டினார்கள்? பால்காரர், பேப்பர்காரர், மீன் கூடையோடு போகிறவர். அபராதம் கட்டினார்கள், அல்லது சுற்று வழியில் போனார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு 62 சாலைகளாகக் குறைத்தார்கள். கொல்கத்தாவில் நெரிசல் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

மறுபக்கம் நெதர்லாந்து. ஆம்ஸ்டர்டாம் படத்தைக் காட்டினால், "அது அவங்க பழக்கம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அப்படியில்லை. போருக்குப் பிறகு அங்கேயும் கார் பெருகி, தெருக்களை இடித்து அகலமாக்கி, சைக்கிள் குறைந்துகொண்டே வந்தது. 1971ல் மட்டும் சாலையில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400க்கு மேல் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்து என்று பெற்றோர்கள் சாலையில் இறங்கினார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வேறு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. காலியான நெடுஞ்சாலையில் குடும்பம் குடும்பமாகச் சைக்கிள் விட்டார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் மெல்ல மெல்லப் பாதை போட்டதில் வந்ததுதான் இன்றைய படம்.

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. மோட்டார் வண்டி சைக்கிள்காரர் மேல் மோதினால், இழப்பீட்டைப் பொறுத்தவரை வண்டிக்காரர் பக்கமே பொறுப்பு. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் ஏறக்குறைய முழுமையாக. பெரியவர் என்றால், அவர் மேல் தவறு இருந்தாலும், குறைந்தது பாதி. கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். இது ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம் இல்லை. கனமான வண்டி கொண்டுவரும் அபாயத்துக்கு அந்த வண்டியே பொறுப்பு என்ற எளிய நியாயம். நமக்கும் இது புதிதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 164ஆம் பிரிவின்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே இறப்புக்கு 5 லட்சமும், படுகாயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். கேட்கலாம் என்பது எத்தனை டீ கேன்காரர்களுக்குத் தெரியும் என்பதுதான் விஷயம்.

எனக்குப் பெரிய வருத்தம் வேறு. சைக்கிளை இவ்வளவு கொடுத்த அரசு இந்தியாவில் அதிகம் இல்லை. 2001-02ல் மாணவிகளில் ஒரு பகுதியினருக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் எல்லாருக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 90களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. இவ்வளவும் செய்துவிட்டு, அந்தப் பிள்ளை சைக்கிளை எங்கே ஓட்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஆவடியிலோ பெருங்களத்தூரிலோ ஒரு தாய், "மெயின் ரோட்டுல ஓட்டாதே" என்று சொல்லி அந்தச் சைக்கிளை வீட்டில் நிறுத்துகிறாள். கொஞ்ச நாளில் அப்பா அதை வேலைக்கு எடுத்துப் போகிறார். நீங்கள் ஹாரன் அடிக்கும் சைக்கிள் அதுவாகவும் இருக்கலாம்.

2014ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை நிறைவேற்றியது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவது என்று. இந்தியாவில் முதலில் செய்த ஊர் நாம்தான். அதற்குப் பலன் இருந்தது: பல சாலைகளில் அகலமான நடைபாதை வந்தது, 2019ல் பாண்டி பஜார் மாறியது. நடப்பவருக்குக் கிடைத்தது, சைக்கிளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. வெயிலில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள் என்று பதில் வரும். ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அவர்களுக்கு மட்டும் வேறு சூரியனா?

உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். புதுத் தார் போடுமுன் பழையதைச் சுரண்டுங்கள். வடிகால் கம்பியைக் குறுக்குவாட்டில் வையுங்கள். பள்ளிக்கூடம் இருக்கும் சாலைகளில் வேகத்தை 30க்குக் கட்டுப்படுத்துங்கள். அகலமான சாலைகளில் இடது பக்கம் கார் நிறுத்தும் இடத்தை எடுத்துவிட்டு அதைப் பாதையாக்குங்கள். கடைசிக் கோரிக்கைக்குத்தான் எதிர்ப்பு வரும், கடைக்காரர்களிடமிருந்து முதலில் வரும். வரட்டும், பேசலாம்.

கவுன்சிலருக்குக் காத்திராமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிறுத்திய காரிலிருந்து இறங்கும்போது ஓட்டுநர் கதவை வலது கையால் திறக்காமல் இடது கையால் திறந்து பாருங்கள். கை குறுக்கே போவதால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். பிரிட்டனின் அந்தக் கையேட்டிலும் 2022ல் இதைச் சேர்த்தார்கள், அங்கேயும் ஓட்டுநர் உட்காருவது நம்மைப் போல வலது பக்கம்தான். இங்கே கேப் ஓட்டும் தம்பி ஒருவருக்குச் சொன்னேன். "எனக்குச் சரி சார், பின்னால உக்கார்ற கஸ்டமர் படார்னு திறக்கிறாங்களே, அவங்களுக்கு யார் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே கேப்பில் வந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.