முள் எங்கே குத்தியிருக்கிறது?

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, இன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வந்திருக்கிற படகுச் சங்கத்து அண்ணன்மார்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்த தம்பிகளே (விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம்), தாய்மார்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். வைரஸை வைத்து மூளைக்கட்டியை எப்படி அழிக்கிறார்கள், என்ன செலவாகும், நம்ம பக்கம் எப்போது வரும்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். சீமைக்கருவேலங்காட்டில் ஆடு மேய்த்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உதட்டோரம் கொப்புளம் கிளப்புமே ஹெர்பிஸ் வைரஸ், அதில் டோக்கியோ பல்கலைக்கழகத்து டோமோகி டோடோ குழுவினர் மூன்று மரபணுக்களில் கை வைத்தார்கள். அந்த வைரஸ் நல்ல செல்லில் பெருகாது, கட்டியின் செல்லுக்குள் மட்டும் பெருகி, அதை உடைத்துக்கொண்டு பக்கத்துச் செல்லைப் பிடிக்கும், போதாததற்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் கட்டி மேல் ஏவிவிடும். 2021 ஜூனில் ஜப்பான் அரசு நிபந்தனையோடு அனுமதித்தது. இதற்கு முன்னால், வைரஸ் வழியாக ஒரு மரபணுவை அனுப்பி, அப்புறம் கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்து, கட்டிச் செல்லுக்குள்ளேயே அந்த மருந்தை விஷமாக்கும் முறை இருந்தது. 1992-இல் எலிகளிடம் அபாரம். மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்தபோது பலன் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் மாமா வல்லத்தில் ஏறிக் கடல் தொழிலுக்குப் போனவர். காலையில் எழுந்தால் தலைவலி, வாந்தி. "ராத்திரி ஊத்துனது இன்னும் இறங்கலையா?" என்று கூட்டாளிகள் கேலி, அவரோ கள்ளைக்கூட மோந்து பார்க்காத ஆள்! பெட்டிக்கடை மாத்திரை, தைலம், சுக்குப்பற்று எல்லாம் ஆயிற்று. ஒரு டாக்டர் கண்ணாடி போடச் சொன்னார், போட்டுக்கொண்டு போனார், முதல் நாளே அலை அடித்துக்கொண்டு போய்விட்டது, அத்தை ஒரு வாரம் கண்ணாடி விலையைச் சொல்லியே ஏசினாள். அப்புறம் வலை இழுக்கும்போது இடது கை கயிற்றைத் தானாக விட ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விழித்தார். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தபோது கட்டி நன்றாக வளர்ந்திருந்தது. அறுவை செய்தும் நிலைக்கவில்லை.

அந்த ஜப்பான் வைரஸைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் இறக்க வேண்டும். முள்ளை முள்ளால் எடுக்கலாம், சரி, எங்கே குத்தியிருக்கிறது என்று பார்க்காமல் எதைத் தோண்டுவது? அதனால்தான் கேட்கிறோம்: மண்டபத்திலிருந்து தொண்டி வரை கடற்கரை ஊர்களுக்கு மாதம் ஒருமுறை நரம்பு மருத்துவர் முகாம், அங்கிருந்தே ஸ்கேனுக்கு அனுப்ப வண்டி. செலவைப் பற்றியும், நம்ம பக்கம் எப்போது வரும் என்பதைப் பற்றியும் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மைக் செட்டுக்குப் பக்கத்தில் மனு இருக்கிறது. முதல் கையெழுத்தைத் தலைவரே போடட்டும், பேனா இந்தாங்க.