கேள்வியோடு நிறுத்துங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வானொலிக்கு வந்து தொலைக்காட்சியின் புகழ் பாடுவது அழகில்லைதான். 1979இல் இலங்கைக்குத் தொலைக்காட்சி வருமுன் எழுத்தாளரின் குரலைக் கேட்க வானொலிதான் வழி. அதையும் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

தொலைக்காட்சியில் வரும் எழுத்தாளர் நேர்காணலைத் தமிழ் இலக்கிய நயம் வகுப்புக்கு எப்படிக் கொண்டுபோவது? பாடவேளை 40 நிமிடம். நேர்காணலே அரை மணித்தியாலம் ஓடும். முழுவதையும் போட்டால் பின்வாங்கில் கொட்டாவிதான். 4 நிமிடத் துண்டு போதும். அதுவும் கதையை வாசித்த பிறகு. வாசிக்காத பிள்ளைக்குத் திரையில் இருப்பவர் யாரோ ஒரு மாமா.

துண்டை எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேட்டி காண்பவர், “அந்தத் தாய் கடைசிவரை ஏன் கதவைத் திறக்கவில்லை?” என்று கேட்கிறார் என வையுங்கள். அங்கே நிறுத்துங்கள். விடை வரக்கூடாது. பிள்ளைகள் கதையைப் புரட்டி, வரியைக் காட்டி, தங்கள் விடையைக் கொப்பியில் எழுதட்டும். 8 நிமிடம் கொடுங்கள். அதன்பிறகு எழுத்தாளர் பேசட்டும். இந்த ஒழுங்கு மாறினால் அவர் சொன்னதையே மனனம் செய்து சாதாரண தரப் பரீட்சையிலும் எழுதிவைப்பார்கள். அவரோ எப்போதோ எழுதிய கதையை ஞாபகத்திலிருந்து பேசுகிறார். கமராவுக்காகவும் கொஞ்சம் பேசுவார். கதையில் இல்லாததும் வந்து சேரும். “இவர் சொல்வதற்குக் கதையில் ஆதாரம் எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு சூடுபிடிக்கும். திரும்பவும் சொல்கிறேன்: கேள்வியோடு நிறுத்துங்கள்.

மடிக்கணினியின் சத்தம் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. மேலே மின்விசிறி, கொழும்பில் காலி வீதிப் பக்கத்துப் பள்ளிக்கூடமென்றால் பஸ் ஹோர்ன் வேறு. சிறிய ஸ்பீக்கர் ஒன்றை ஆசிரியர் மேசையில் அல்ல, வகுப்பின் நடுவில் வையுங்கள். துண்டு தொடங்கும் நிமிடத்தையும் விநாடியையும் எழுதிக்கொண்டு போங்கள்; தேடிக்கொண்டு நின்றால் வகுப்பு சந்தையாகிவிடும். அந்த 4 நிமிடப் பேச்சை அப்படியே எழுத்தில் எடுத்து வையுங்கள். மின்சாரம் நின்றாலும் இரண்டு பிள்ளைகள் எழுந்து வாசிக்கலாம். பேச்சுத் தமிழ் எங்கே எழுத்துத் தமிழிலிருந்து விலகுகிறது என்று காட்டவும் அந்தத் தாள் உதவும்.

பிள்ளைகளே ஓர் எழுத்தாளரைப் பேட்டி காண்பது பற்றியும் பேச இருந்தேன். நேரம் முடிந்ததென்று கலையகக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: ‘ஓம்’, ‘இல்லை’ என்று முடியும் கேள்விகளை முதலே வெட்டிவிடச் சொல்லுங்கள். வணக்கம்.